சுண்ணாம்பு வாளி

கெல்லர், மொன்டானா
அக்டோபர் 3

அன்பு மகன் கர்டிஸுக்கு,

நீயும் உன் கப்பலும் கரையிலோ கடலிலோ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை டெல்லாவும் நலம். நலம் என்றால் ஊரில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறோம், நன்றாகத் தூங்குகிறோம். கூரை ஒழுகியதைப் போன வாரம் நானே ஏறி அடைத்துவிட்டேன், ஏணியில் ஏறாதே என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, இருந்தும் ஏறினேன்.

நீ டெல்லாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்குக் காட்டினாள். ஊர் வழக்கத்தைக் கெடுத்துக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன், கேள். வழக்கம்போல செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மலைச்சரிவில் கல் பதித்து வைத்திருக்கும் ஊர்ப் பெயரின் பெரிய முதலெழுத்துக்கு வெள்ளையடிக்கப் பள்ளிக்கூடமே ஏறியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடிவாரத்திலிருந்து வரிசையாக நின்று வாளி வாளியாகச் சுண்ணாம்பை மேலே கடத்தினார்கள், பெரிய வகுப்புக்காரர்கள் பாறைமேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு அவர்களைப் புழு, புழு என்று கூப்பிட்டார்கள். அந்தப் புழுக்களின் தலையில் சுண்ணாம்பை ஊற்றுவது எப்போதும்போலப் பத்தாம் வகுப்பின் முறை, டெல்லா வகுப்புத் தலைவி, ஆகவே முதல் வாளி அவள் கையில். இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் தலையில்தானே முதல் வாளி, அது தபால்காரர் மகள் பிரிட்டா. அந்தப் பெண் ஊற்றுவதற்கு முன்னாலேயே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாளாம். டெல்லாவுக்குக் கை வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு டெக்லான் மேலேயிருந்து, "ஊத்துடி, இல்லேன்னா இந்த வருஷம் பூரா நீயும் புழுதான்" என்றானாம். இவள், "புழுவாவே இருந்துட்டுப் போறேன், வழிய விடு" என்று சொல்லி, வாளியோடு போய்ப் பிரிட்டாவுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றுவிட்டாள். அவள் வகுப்பில் பதினாறு பேரில் ஏழு பேர் பின்னாலேயே வந்து நின்றார்கள். எழுத்து எப்போதையும்விடச் சீக்கிரம் வெள்ளையாகிவிட்டது, அதை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

இப்போது அந்த எட்டுப் பேரும் பள்ளியின் ஹோம்கமிங் விழா ஊர்வல வண்டியில் ஏறக்கூடாதாம், டெல்லாவுக்கு வகுப்புத் தலைவி பதவியும் கிடையாதாம். பள்ளிச் சமையலறையில் நான் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் ஹாஸ்கின்ஸ் வந்து, டெல்லா எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் சரிசெய்துவிடலாம் என்றார். எதற்கு மன்னிப்பு, ஊற்றாததற்கா என்று கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே, "அம்பது வருஷமா நடக்குது நோரீன், இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றார். பேசாமல் நின்றேன், கர்டிஸ். கையில் ரொட்டித் தட்டோடு வாயடைத்து நின்றேன், அதை நினைத்தால் இப்போதும் என்மீதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். உன் ஒன்பதாம் வகுப்பில் அதே மலையிலிருந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாய், குழாயடியில் உட்காரவைத்து இருட்டும்வரை கழுவினேன். யாரிடமும் சொல்லாதே அம்மா, பேஸ்பால் பட்டதென்று சொல் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். டாக்டரிடம்கூட அப்படியே சொன்னேன். அடுத்த வருஷம் நீயே வாளியைத் தூக்கி ஊற்றினாய், அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன். பிறகு விமானப் படையில் கண் பரிசோதனையோடு உன்னைத் திருப்பி அனுப்பியபோது ஒரு வாரம் அறையைவிட்டு வரவில்லையே, அப்போதும் பேஸ்பால் என்றுதான் இரண்டு பேரும் ஊருக்குச் சொன்னோம். உன்னைக் குற்றம் சொல்லவில்லையடா, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு அப்போதே நாற்பது வயது, எனக்கு எங்கே போயிற்று புத்தி?

செவ்வாய்க்கிழமை பள்ளி வாரியக் கூட்டம், பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து நின்று சொல்லப் போகிறேன், உன் பெயரைச் சொல்லியே சொல்லப் போகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், அதற்காகத்தான் தொலைபேசியில் சொல்லவில்லை, நீ அழுதால் நான் மறுபடி வாயை மூடிவிடுவேன். சமையலறை வேலை போனால் போகட்டும், வேறு அடுப்பா இல்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டு, பக்கம் பக்கமாகத் திட்டு, தங்கையை ஒரு வார்த்தை சொல்லாதே. முடிந்தால் அவளுக்கு மட்டும் உண்மையாக ஒரு வரி எழுது. அவளுக்கும் இதுவரை பேஸ்பால்தான்.

கண் மருந்தை நாள் தவறாமல் போட்டுக்கொள். கடவுள் கடலிலும் கரையிலும் உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல உடம்பும் நல்ல மனமும் தரட்டும்.

அன்று உன் கண்ணைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்ட, இனி மூடாத,
உன் அம்மா
நோரீன்