முதல் கோர்ட்டில் நின்றவர்

முகாம், 3 டிசம்பர் 2024

அன்புள்ள கலைமதிக்கு,

போனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம். பகல் காவலில் நின்றபோது பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, “ரகு, இங்கிட்டு வாடா” என்று கூப்பிட்டார்கள். இங்கே தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். குரலைத் தேடிப் போனேன். காவலை விட்டு நகர்ந்தது குற்றம்.

என் சொந்த யூனிட் கமாண்டர், தான் ஒருவரே நீதிபதியாக உட்காரும் சம்மரி கோர்ட்டில் முடிக்கிறேன் என்கிறார். ஒப்புக்கொண்டால் வேலை போகும், வீட்டுக்கு வரலாம். இப்போது நான் பணியில் இருக்கும் முகாமோ, பெரிய ராணுவக் கோர்ட்டில்தான் விசாரிப்போம் என்கிறது. அங்கே ஜெயில் கிடைக்கலாம்; ஆனால் அந்தக் குரலைப் பற்றிச் சொல்லலாம். நான் என்ன செய்யட்டும்?

உன் ரகுநாத்

ஆலங்குடி, 14 டிசம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

ஒப்புக்கொள்ளுங்கள். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. “கொரலாவது கிரலாவது, அவன வரச் சொல்லு” என்கிறார். சட்டப் புத்தகம் வாங்கிப் படித்தேன். ஒரு குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்க முடியாதாம். முதல் கோர்ட்டில் முடித்துவிட்டால் இரண்டாவது உங்களைத் தொடாது. வேலை போனால் போகட்டும், நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் கலைமதி

முகாம், 19 ஜனவரி 2025

கலை,

சம்மரி கோர்ட் நடந்தது. கமாண்டர் தனக்குத் தானே சத்தியப் பிரமாணம் செய்துகொண்டார். பக்கத்தில் இரண்டு பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். மனம் வரவில்லை, பேசாமல் நின்றேன். ஆனால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று என் குரல் கேட்டது. வேலைநீக்கம் என்று எழுதினார்கள்.

பிறகு பெரிய கோர்ட்டுக்கென்று என்னை அறையில் அடைத்தார்கள். நீ எழுதிய விதியைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாக விளக்கினார்: “விதி சரிதான். ஒருவரை இரண்டு முறை விசாரிக்க முடியாது. ஆகையால் அங்கே விசாரிக்கப்பட்டவர் நீயாக இருக்க முடியாது. அவர் ஊருக்குப் போய்விட்டார்.”

யாராவது வந்தால் கதவைத் திறக்காதே.

ரகுநாத்

ஆலங்குடி, 30 ஜனவரி 2025

மச்சான்,

கடிதம் இன்றுதான் வந்தது. நீங்கள் போகியன்றே வந்துவிட்டீர்கள்.

அத்தை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். வந்தவர் முழங்கையில் உங்கள் பழைய தழும்பும் அப்படியே இருக்கிறது. பனிமூட்டத்தில் கூப்பிட்டது யார் என்று அவரிடம் கேட்டேன். “எந்தக் கொரலு? எல்லாம் அங்கிட்டே முடிஞ்சு போச்சு” என்றார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, “பாவம், பதில் போடு” என்று கொடுத்தார்.

ஒப்புக்கொள்ளச் சொன்னவள் நான். ஒப்புக்கொண்டவருக்குத்தான் கதவைத் திறந்தேன். நீங்கள் அங்கே எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். விடுதலையானால் எழுதுங்கள்.

வர வேண்டாம்.

ரகுநாத் மனைவி
கலைமதி