ஆம்பளைக்கு வராத நோய்

மே 14

அக்னி நட்சத்திரம். தூத்துக்குடியே விசிறிக்கொண்டிருக்கிறது. எனக்குக் குளிர்கிறது. துறைமுகச் சாலை எடைமேடையில், என் கூண்டுக்குள் ஏசியை அணைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையோடு லாரிகளுக்கு எடை போட்டேன். சூப்பர்வைசர் அருமைநாயகம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏலே ஜெஸ்டின், நீ ஊட்டிலயா வேலை பாக்க?"

சிரித்தேன். சிரிக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

மே 18

கோயில் பாடகர் குழுவில் பயிற்சி. மாதா திருவிழாவுக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். உச்ச சுரத்தில் என் தொண்டை நின்றுபோனது. கீழே இறங்கினால் மாடு மாதிரி ஒரு குரல் வருகிறது. குழுவை நடத்தும் இஞ்ஞாசி அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருவது வருசமா இப்படி ஒரு கனத்த குரலுக்குத்தாம்ல ஜெபிச்சேன். எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பிளாரன்ஸ், "சளி மாதிரி இருக்கு" என்றாள். கலை தெரியாதவள்.

மே 27

நான்கு நாளாயிற்று. தினமும் இரண்டு வாழைப்பழம் தின்றும் பலனில்லை. எது என்று எழுத மாட்டேன்.

ஜூன் 3

டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார். மூன்று மாதத்தில் ஏழு கிலோ கூடியிருக்கிறேன். "நாப்பத்தாறு வயசு, உக்காந்த வேலை. நடங்க சார்." சத்து மாத்திரை எழுதினார். மாலை கடற்கரைப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். முதல் பெஞ்சிலேயே தூங்கிவிட்டேன்.

ஜூன் 11

உப்பு ஏற்றிய லாரி ஒன்று காலியாகவே வெளியே போனதாகச் சீட்டுக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வருஷத்தில் முதல் தப்பு. மெமோ. இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களாம். வீட்டுக்கா? படுக்கலாமே என்று ஒரு நொடி ஆசையாக இருந்தது. என்ன மனுஷன் நான்?

ஜூன் 16

மாமனார் இறந்து இன்றோடு ஒரு வருஷம். மணப்பாட்டில் மாலை ஆறு மணிக்குப் பூசை. இரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று பிளாரன்ஸிடம் சொல்லியிருந்தேன். ஷிப்ட் முடிந்து, ஐந்து நிமிஷம் என்று மேஜையில் தலையைச் சாய்த்தேன். விழித்தபோது ஐந்தே முக்கால். போனில் அவள் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ராத்திரி அங்கிருந்து போனில் பேசினாள். அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

"ஆறு மாசமா நீங்க ஆளே இல்ல. கூப்பிட்டா கேக்க மாட்டிய, சொன்னா மறந்துருதிய. என்மேல உள்ள பிரியம் போச்சுன்னா போச்சுன்னு சொல்லிருங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வருவதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 20

வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. என்ன சொல்ல? தூக்கம் வந்துட்டுன்னா?

ஜூன் 22

முடி வெட்டப் போனேன். பேச்சிராஜா என் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, ரெண்டு புருவத்துலயும் ஓரத்துல முடியே இல்லியே. எடுத்துவிட்டியளா?"

"எனக்கெதுக்குல அந்த அழகு?"

"தலைமுடியும் தேங்காய் நார் மாதிரி இருக்கு. முகமும் ஊதிக் கெடக்கு. என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் ஆச்சு. தைராய்டு."

"அது பொம்பளைங்களுக்குல்லா வரும்?"

"தெரியலண்ணே. ரத்தம் குடுத்துப் பாருங்களேன். என் கத்திக்கே கழுத்தைக் காட்டுதிய, ஒரு ஊசி குத்துனா என்ன?"

டாக்டர் பார்க்காத முகத்தை அவன் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறான்.

ஜூன் 24

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண், தைராய்டு என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். "பேஷண்ட் வரலையா சார்?"

"நான்தாம்மா."

மாலையில் ரிப்போர்ட் வந்தது. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய தைராய்டு அளவு எனக்கு எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை.

ஜூன் 26

வேறு டாக்டர். இந்த அம்மா தராசுக்குப் போகவில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் யோசித்துவிட்டு ஆடியது.

"இந்தக் குரல் எப்ப இருந்து?"

குளிர், தூக்கம், மலச்சிக்கல், மறதி, வறண்ட தோல், ஊதிய முகம். ஒவ்வொன்றுக்கும் நான் தனித்தனிக் காரணம் வைத்திருந்தேன். எல்லாம் கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியின் வேலையாம். "ஆம்பளைங்களுக்குக் குறைவா வரும். வராதுன்னு யார் சொன்னா?" என்றார்.

யார் சொன்னார்? நான்தான். எங்கள் ஆபீஸ் சரண்யாதேவி தைராய்டு என்று லீவு கேட்டபோது, "நல்ல சாக்குல்லா" என்று சிரித்தவனும் நான்தான். இன்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "காலைல வெறும் வயித்துல போடுங்க சார். காபி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்." அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜூன் 27

ரிப்போர்ட்டைப் படமெடுத்து பிளாரன்ஸுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. அரைமணி கழித்துக் கூப்பிட்டாள்.

"அப்பா பூசைக்கு வராதது தைராய்டு. சரி. அதுக்கு முன்ன பதினெட்டு வருசம் மறந்ததெல்லாம்?"

"அதெல்லாம் நான்தான்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வாரேன். மாத்திரையை விட்டுராதிய."

ஜூலை 20

காலையில் போர்வை வேண்டியிருக்கவில்லை. உச்ச சுரமும் திரும்பிவிட்டது. இஞ்ஞாசி அண்ணன் என்னை முறைத்தார். "அந்த மாத்திரையைத் திருவிழா கழிஞ்சு போடக் கூடாதாலே?"

ஆகஸ்ட் 9

மறு பரிசோதனை. ஆறு. அளவுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று, மாத்திரையைத் தொடரச் சொன்னார் டாக்டர். "அப்போ இனிமே சாக்கு கிடையாது" என்றாள் பிளாரன்ஸ்.

ஆகஸ்ட் 16

நானே லீவு கேட்டேன். நானே பூ வாங்கினேன். இரண்டு பேரும் மணப்பாட்டுக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில், வியர்த்துக் கொட்டியது. பிளாரன்ஸ் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றினாள். பிறகு என்னைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"அப்பா, உங்க மருமகன் வந்திருக்காவ. ரெண்டு மாசம் லேட்டு."