பாலத்துக்கு இங்கால

உப்புக்குளம்,
மன்னார்.

அன்பு மகள் ஸரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், வாப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது அவருடைய பேச்சையும் கேட்பதில்லை, என்னுடைய பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்த நோர்வேக் குளிரில் நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்க உம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்க நீ "விடுங்க உம்மா" என்று பாதியில் வெட்டிவிடுகிறாய், தாளை வெட்ட உன்னால் முடியாது. எழுதி முடித்ததும் தம்பி நௌபர் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான். முழுவதும் வாசித்த பிறகுதான் நீ போன் எடுக்க வேண்டும்.

போன கிழமை நீ அழுதுகொண்டு சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னுடைய "உப்புப்பட்டினம்" நாவலைப் பற்றிப் பள்ளிக்கூடத்து எட்வேட் மாஸ்டர் பேஸ்புக்கில் எழுதியதை நௌபர் எனக்கு வாசித்துக் காட்டினான். பெயரை மாற்றி வைத்தாலும் இது மன்னார்தான் என்று கழுதைக்கும் தெரியும், ஆனால் கோட்டை, சந்தை, பள்ளிவாசல், சேர்ச் எல்லாவற்றையும் பாலத்தின் பெருநிலப் பக்கம் வைத்துவிட்டு, தீவுக்குள் வயலும் குளமும் வைத்திருக்கிறார், இந்த எழுத்தாளர் ஒருநாளாவது பாலத்தைக் கடந்திருப்பாரா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஊரெல்லாம் சிரித்திருந்தது. மன்னார் மணலில் வயல் விதைத்தவள் நீ ஒருத்திதானாம். அதைப் பார்த்துவிட்டுத்தானே நீ, "நான் மன்னாராள் இல்ல உம்மா, கேட்ட கதைய வச்சு ஊர் கட்டப்படாது" என்றாய். இங்கே மன்னாரில் வாசிகசாலைக்காரர் உன் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்து உன்னையும் அழைத்திருக்கிறார்கள், அதற்கு வரமாட்டாயாம், இரண்டாம் பதிப்பும் வேண்டாமாம், இனி எழுதவும் மாட்டாயாம். சும்மா இருக்கிற ஆளா நான்? பக்கத்து வீட்டு மதலேனாவையும் இழுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்துக் கீரிக் கிராமத்துக்கு, மாஸ்டர் வீட்டுக்கே போய்விட்டேன். மதலேனா வழி நெடுக "நசீறா, மெதுவாக் கதை, அந்தாள் பிறஷர்காரன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாஸ்டரும் மனைவியும் "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டார்கள். நான் இருக்கவில்லை. "மாஸ்டர், என்ர புள்ள பாலத்தக் கடக்கயில்லத்தான், அவள் பிறக்க முன்னமே எங்களக் கடலக் கடக்க வச்சு அனுப்பிட்டாங்களே" என்று நின்றபடியே சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எங்களையெல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன பிறகு வள்ளத்தில் கல்பிட்டியில் இறங்கி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதுதான் நீ பிறந்தாய். உனக்கு ஊர் என்றால் நானும் வாப்பாவும் கதைத்த கதைதான். நாங்கள் எப்படிக் கதைத்தோம்? பாலத்துக்கு இங்கால டவுன், கோட்டை, பள்ளிவாசல், பாலத்துக்கு அங்கால வயல், குளம். இருந்தது புத்தளத்தில், வாய் மட்டும் உப்புக்குளத்திலேயே இருந்தது. ஒருநாளும் ஒருவரும் அதை மாற்றிச் சொல்லவில்லை, மாற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பிள்ளை நீ புத்தளத்து மண்ணில் நின்று கேட்டால் "இங்கால" என்பது எது? நீ நிற்கிற பக்கம்தானே, பெருநிலம்தானே! டவுனைத் தூக்கி அங்கே வைத்துவிட்டாய். வயல் தீவுக்குள் போய்விட்டது. வரைபடம் ஒன்றையாவது பார்த்திருக்கலாமே என்று நான் உன்னைக் கேட்டதற்கு, "பாத்தா நீங்க சொன்ன ஊர் போயிடும் எண்டு பயம் உம்மா" என்றாயே, அதையும் மாஸ்டரிடம் சொன்னேன். கல்யாணம் முடித்துப் புத்தளத்திலிருந்தே நோர்வேக்குப் போனாய், சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு இரண்டு தரம் வந்தும் புத்தளத்தோடு திரும்பிவிட்டாய், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

மாஸ்டர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர்களும் அதே வருசம் சண்டைக்குப் பயந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் இருந்தவர்களாம். அங்கேயும் பாம்பன் பாலம் இருக்கிறதே! "பாலத்துக்கு இங்கால எங்கட கோட்டை எண்டு நான் சொல்ல, என்ர மூத்தவன் மண்டபம் முழுக்கக் கோட்டையத் தேடித் திரிஞ்சவன் அக்கா. ஒருநாள் காணயில்ல எண்டு முகாமே தேடினது. பாலத்தடியில அழுதுகொண்டு நிண்டவன், கோட்டைய ஆரோ எடுத்துப்போட்டினம் அப்பா எண்டான்" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, அப்போதுதான் கதிரையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் சொன்னதைக் கேள். பாலத்துக்கு அங்கால மாந்தையில் ஒரு காலம் பெரிய துறைமுகப் பட்டினம் இருந்ததாம், கப்பல் கப்பலாக வந்து நின்ற இடத்தில் இப்போது மேடும் புல்லும்தானாம். ஆக, பட்டினம் முதலில் பெருநிலப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. "உங்கட மகள் பிழை விடயில்ல அக்கா, ஆயிரம் வருசம் பிந்தி எழுதிப்போட்டா, அவ்வளவுதான்" என்றார். மதலேனா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேலையில் கொட்டியது. பார்த்தாயா, ஊர்கள் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை மகள். கோட்டையைப் போர்த்துக்கேயன் கட்டினான், ஒல்லாந்தன் பிடித்தான், பிறகு வெள்ளைக்காரன், பிறகு ஆமிக்காரன். இந்த டவுனை எத்தனை பேர் காலி பண்ணினார்கள், எத்தனை தரம் இது எழும்பியது! ரயில் நின்றுபோய் திரும்ப வந்திருக்கிறது. கடற்கரையில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் சுற்றுகின்றன, அது நல்லதா கெட்டதா என்று சந்தையில் தினமும் சண்டை, சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோசம். மழை வெள்ளத்தில் எங்கள் வீதி முழங்காலுக்கு மேல் போனபோது சேர்ச்சில் சமைத்த சோறு பள்ளிவாசலுக்கு வந்தது, பள்ளிவாசலில் சமைத்தது சேர்ச்சுக்குப் போனது, கடைசியில் யார் சோற்றை யார் சாப்பிட்டோம் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் மகள், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

உன் பட்டினத்தையும் அப்படித்தான் பிடிக்கும். நான் புத்தகம் வாசிக்கிற ஆளில்லை, இதை மூன்று தரம் வாசித்தேன். அதில் ஆட்கள் எல்லாம் போன பிறகு கழுதைகள் மட்டும் வீடுகளைப் பார்த்துக்கொண்டு இருக்குமே, சனம் திரும்பி வரும்போது எழும்பி வழி விடாமல் யாரடா நீங்கள் என்பதுபோலப் பார்க்குமே, அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். நானும் வாப்பாவும் திரும்பி வந்த அன்று எங்கள் வளவுக்குள் மூன்று கழுதைகள் படுத்திருந்தன, எழும்பவே இல்லை, வாப்பா அவற்றுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. வாப்பாவும் சொன்னதில்லையாம், கேட்டுவிட்டேன். நாங்கள் ஆயிரம் தரம் சொன்னது உனக்குத் தலைகீழாகப் போய்விட்டது, ஒருவருமே சொல்லாதது சரியாக வந்திருக்கிறது. மன்னாராள் இல்லாதவளுக்கு அது எப்படி வரும்? போனில் எனக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டும், சும்மா "விடுங்க உம்மா" என்று தப்ப முடியாது.

மாஸ்டர் தான் எழுதியதை அழிக்கப் போகிறேன் என்றார், வேண்டாம், கூட்டத்தில் எழும்பி நின்று மண்டபத்துக் கதையைச் சொல்லுங்கோ என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய மூத்தவனும் வருகிறானாம், உன்னைப் பார்க்க வேண்டுமாம். இரண்டாம் பதிப்பில் ஒரு எழுத்தும் மாற்றாதே. வயல் தீவுக்குள்ளேயே இருக்கட்டும், இவ்வளவும் கண்ட ஊருக்கு நெல் விளைவதா பெரிய காரியம்?

சின்னவளுக்குச் சளி என்றாய், கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில் கட்டி முகரக் கொடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மருமகனுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உன் கைக்கும் உன் எழுத்துக்கும் பறக்கத்தைத் தரட்டும், உன் பிள்ளைகளைக் கண் குளிரப் பார்க்கிற நாளை எங்களுக்குத் தரட்டும். வருகிறேன் என்று வாசிகசாலைக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட மறக்காதே. வரும்போது பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் நான் போன் எடுத்து, எங்க புள்ள நிக்கிறாய் என்று கேட்பேன். கோட்டை முன்னால் தெரியும், பார்க்கப் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள். ஆனால் அங்கால நிற்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. "இங்கால வாறன் உம்மா" என்று சொல்ல வேண்டும். அதை உன் வாயால் கேட்கத்தான் நாங்கள் அத்தனை வருசமும் அப்படியே கதைத்தோம் போல.

பாலத்துக்கு இங்கால இருந்து,
உன் உம்மா
நசீறா