மிச்சப் பிள்ளைகளின் வகுப்பு

பரளச்சி
12.8.1989

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்காக மதுரையில் தொடங்கிய விடுதிப் பள்ளிக்கு நீ பாடம் நடத்தப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் பள்ளியிலிருந்து அங்கே வந்த கஸ்தூரியும் தனுஷ்கோடியும் நன்றாகப் படிப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம்.

எனக்கும் அங்கேயே மாறுதல் வந்தது. குடியிருக்க வீடும் தருகிறார்களாம். அன்று முழுவதும், காலையில் உன் எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு சங்கரம்மாள் எழுந்தாள்.

"கணக்கு வாரவங்களத்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாகள்ல சார். நாங்க மிச்சந்தான?"

அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மணி அடித்த பிறகும் அதே கணக்கை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கடைசியில் கருத்தப்பாண்டி விடையைச் சொன்னதும், "இன்னொண்ணு குடுங்க சார்" என்று வகுப்பே கத்தியது.

மாறுதல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். திரும்பி வந்துவிடு என்றும் கேட்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கும் நீ வேண்டும்.

ஒன்று மட்டும் இதுவரை உனக்கு எழுதவில்லை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். மதுரை பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறேன்.

என்றும் உன்னவன்