தோடம்பழப் பையோடு வந்தவன்

காக்கா,

இன்று காலை கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, என் மேசையில் ஒரு பை தோடம்பழம் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல ஆரஞ்சு நிறத்தில் பழுத்த பழம், பையை மீறி மணம் வந்தது. இறந்துபோனவர்களை நினைக்க மற்றவர்களுக்கு அத்தர், சந்தனம் என்று ஏதாவது வாய்க்கும். எனக்கு வாய்த்தது இந்த மணம்தான்.

பிள்ளை உடுப்புப் பகுதியில் நிற்கும் மருதமுனைத் தம்பி இன்று வேலைக்கு வரவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டதாம், வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். நம் பழைய முதலாளி ஹாஜியாரின் மகன்தான் இப்போது முதலாளி. அவர் அந்தப் பையை என் பக்கம் தள்ளி, "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். வாப்பாவின் புடவைக் கடையோடு வாப்பாவின் பழக்கமும் அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் மெனேஜராக வருவதற்குப் பல வருஷம் முந்தியே சாரம், லுங்கி விற்கும் பகுதியில் நின்றவர் நீங்கள்; வயதிலும் மூத்தவர், அதனால்தான் எனக்குக் காக்கா. உங்களுக்கு முட்டு வருத்தம்; டொக்டர்மார் ஆஸ்துமா என்று சொல்லும் நோய். மாரி மழை தொடங்கினால் மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மூச்சு எடுக்க ஏலாமல் போகும். மற்ற நாட்களில் கடையில் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்த ஆள் கிடையாது. அதுதான் உங்களுக்கு வினையாகிப்போனது. நேற்றுச் சிரித்த மனிதன் இன்று எப்படி வருத்தக்காரன் ஆவான் என்று ஹாஜியாருக்குச் சந்தேகம்.

நோயாளியை விசாரிக்கப் போவது நம் மார்க்கத்தில் நன்மை தரும் காரியம். ஹாஜியார் அந்த நன்மையையே கையில் எடுத்தார். யார் வருத்தம் என்று வேலைக்கு வராமல் நின்றாலும் ஒரு பை தோடம்பழத்தோடு என்னை அந்த ஆளின் வீட்டுக்கு அனுப்புவார். ஊராருக்கு அது பெரிய மனசு. நான் திரும்பி வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஆள் ஊட்டுல இரிக்காரா?" வருத்தம் எப்படி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

சாய்ந்தமருதில் உங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் வந்திருப்பேன்! மதினி பையை வாங்கிக்கொண்டு பிளேன்டீ ஊற்றித் தருவா. நீங்கள் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருப்பீர்கள். "பாத்துட்டீங்கதானே தம்பி? இனிப் படுக்கட்டா?" என்று கேட்டு, அந்த இழுப்புக்கு இடையிலும் சிரிப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அடுத்த முறை வருவேன்.

பிறகு அந்த நாள். நான் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. "கடக்கரைப் பக்கம் போனாரு" என்றா மதினி. பையோடு மணலில் நடந்து வந்தேன். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு தோணியின் முன்பக்க அணியத்தில் முதுகைச் சாய்த்து, வலை பிரிக்கிறவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தீர்கள். முடியவில்லை.

"ஊட்டுக்குள்ள மூச்சு வருதில்ல தம்பி. இந்தக் காத்துக்குத்தான் கொஞ்சம் உசிர் வருது" என்றீர்கள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு கறுத்திருந்தது. நான் நம்பினேன், காக்கா. முழுசாக நம்பினேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

கடைக்குத் திரும்பினேன். ஹாஜியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஊட்டுல இல்ல. கடக்கரையில இருந்தாரு" என்றேன். அவ்வளவுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சத்தைச் சொல்லியிருந்தால் வேலைக்காரர் பக்கம் சாய்கிறவன் என்று என்னை நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். மெனேஜராகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அடுத்த நாள் எல்லாருக்கும் முன்னால் ஹாஜியார் உங்களிடம் கேட்டார். "கடக்கரைக்குப் போக ஏலுமெண்டா கடைக்கும் வர ஏலும்தானே?" என்னைத்தான் பார்த்தீர்கள். நான் சும்மா கிடந்த பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. முட்டு வந்தால் சாரக் கட்டுகளுக்குப் பின்னால் போய் மூச்சுப் பம்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவீர்கள். துணித் தூசு உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாரி அப்படிப் போனது. ஹாஜியாருக்கு நல்ல சந்தோஷம். "இப்பதான் ஆள் திருந்தியிருக்காரு" என்று என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் மாரியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த முறை என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் புறப்பட்டேன். ஆனால் புத்தி கெட்டவன், பழக்கத்தில் தோடம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வார்ட் வாசலில் என்னையும் பையையும் கண்டீர்கள். மூக்கில் மாஸ்க்கோடு, கட்டில் கம்பியைப் பிடித்து எழும்ப எத்தனித்தீர்கள். தலைமாட்டில் தொங்கிய சேர்ட்டுக்குக் கை போனது.

"நாளைக்கு வந்திருவன் தம்பி. ஹாஜியார்ட்டச் சொல்லுங்க."

"ஆரும் அனுப்பல்ல காக்கா. நானாத்தான் வந்தன்."

"ஓம், ஓம்" என்று சிரித்தீர்கள். நம்பவில்லை.

என் பின்னாலேயே வெளியே வந்த மதினி, நான் கட்டிலடியில் வைத்த பையை என் கையிலேயே திருப்பித் தந்தா. "குறை நினைக்காதீங்க தம்பி. அவருக்குப் புளிப்பு ஆகாது, இழுப்புக் கூடிரும். எப்பவும் புள்ளையள்தான் தின்னுறது." ஒவ்வொரு தரமும் உங்களுக்கு ஆகாத பழத்தைத்தான் சுமந்து வந்திருக்கிறேன். எது ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நாளைக்கு வருவேன் என்ற நீங்கள் மூன்றாம் நாள் மௌத்தாகிப்போனீர்கள். ஜனாஸா அடக்கத்துக்காகக் கடையை அரை நாள் பூட்டினோம். எல்லாருக்கும் லீவு கிடைத்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை சின்ன முதலாளி, "ஆள் ஊட்டுல இரிக்காரா எண்டு மட்டும் பாருங்க, போதும்" என்றபோது பை என் கையில் இருந்தது. அதைத் திரும்ப மேசையில் வைத்தேன். "அவர் ஊட்டுல இருந்தாலும் வருத்தம்தான், இல்லாட்டியும் வருத்தம்தான். நான் போகமாட்டன் தம்பி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு என்ன சொல்வாரோ தெரியாது. உங்களுக்காகச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இத்தனை வருஷம் பிந்தி இன்னொருவருக்காகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு உதவலாம். உங்களுக்கு உதவவில்லையே, காக்கா.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து, உங்களை அடக்கிய மையவாடிக்கு வருகிறேன். யா அல்லாஹ், இவரின் கப்றுக் குழியை விசாலமாக்கி வை என்று எல்லாரும் கேட்கும் துஆவைத்தான் நானும் கேட்கிறேன். காற்றும் வரட்டும் என்று கூடச் சேர்த்துக் கேட்கிறேன். நீங்கள் கிடக்கும் இடத்திலிருந்து கடல் சத்தம் கேட்கிறது.

வெறுங்கையோடுதான் வருகிறேன், காக்கா. யாரும் அனுப்பி வரவில்லை.