தழை கிடந்த பாதை

சிலமலை
24-1-1982

அன்பு மாப்ளே கன்னையனுக்கு, பால்பாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நான், நம்ம வாத்தியார்கள், உங்க வீட்டு மாடு ரெண்டு, எல்லாரும் சுகம். அடுத்த வரியில் உன் சுகத்தைக் கேட்கணும்னுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மதுரை ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறவனிடம் அதைக் கேட்டால் அடிக்க வருவாய். வர முடியாது என்கிற தைரியத்தில்கூடக் கேட்கவில்லை.

மாவுக்கட்டு போட்டிருக்காங்களாமே. மாவு மிச்சமிருந்தால் தோசை சுடச் சொல்லு.

கணக்கு வாத்தியார் வருகை எடுக்கும்போது, கன்னையனுக்குக் கால் போச்சாமேடான்னு கேட்டார். கால் போனா என்ன சார், மீதி முக்கால் இருக்கான்னு சொன்னேன். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் உள்ளங்கையில் நாலு. உன் பேரில் வாங்கியது, நீ வந்ததும் பாதியை வாங்கிக்கொள்.

வாடகை சைக்கிளைச் சுருளி அண்ணன் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். முன் சக்கரம் பொரிச்ச அப்பளம் மாதிரி இருக்கிறது. காத்தடிக்க வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்கிறார். சைக்கிளை எஸ்டேட் லோடு ஜீப்பில் மேலே ஏற்றிப்போய் கழுதைப்பாதையில் ஓட்டி இறங்கின முதல் ஆள் நம்ம கன்னையன்தான் என்கிறார். அடிவாரத்துக் குரங்கணிக்கு வந்து சேரவில்லை என்பதை மெதுவாகத்தான் சொல்கிறார்.

கதையில் மலைச்சாமி அண்ணனும் வருகிறார். எஸ்டேட் சுமை ஏற்றின கோவேறு கழுதைகளோட தினமும் காலையில் முதல் ஆளாக ஏறுகிறவர் அவர்தானே. ரெண்டு பாதை பிரிகிற இடத்தில், போகக் கூடாத பாதைக்குக் குறுக்கே பச்சைத் தழை ஒடிச்சுப் போடுகிறதும் அவர்தான். கார்த்திகை மழையில் பழைய பாதை சரிஞ்சுபோய், மேலாகப் புதுப்பாதை வெட்டினாராம். நாம அரையாண்டுப் பரீட்சையில் கிடந்ததால் நமக்குத் தெரியவில்லை. உன்னைத் தூக்கி வந்தவங்க பார்த்தபோது தழை புதுப்பாதையில் கிடந்ததாம். மூடுபனியில் தடுமாறி மாத்திப் போட்டுட்டார்னு ஊரே பேசுகிறது. உங்க அய்யா என்னிடமும் கேட்டார். எனக்கென்ன தெரியும், நான் குறுக்குப்பாதையில் ஓடி வந்தவனாச்சேன்னு சொன்னேன்.

நீ சைக்கிளில், நான் ஓட்டத்தில், யார் முதலில் குரங்கணி சேருவது என்று போட்ட அன்றைய பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. தோற்றவன் ஒரு மாசம் பை தூக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

மாசி போனால் பங்குனி. புல்லுச்சரிவில் சறுக்கப் பாக்கு மட்டை தயாராக இருக்கிறது. வெரசா வா.

உன் உயிர்த்தோழனும் ஓட்டப்பந்தய எதிரியும்,
பால்பாண்டி


சிலமலை
28-3-1982

அன்பு மாப்ளேக்கு,

போன கடுதாசிக்குப் பதில் இல்லை. கையிலும் மாவுக்கட்டா என்று எழுத நினைத்தேன். அதற்குள் உங்க அய்யா வெள்ளைத்துரை மாமா ஊருக்கு வந்துவிட்டார். பஸ்சை விட்டு இறங்கி நேரே தோட்டத்துக்குப் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். எங்க அப்பாதான் பக்கத்தில் போய் இருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க என்று சாயங்காலம் அப்பா வந்து சொன்னார். எங்க அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

வகுப்பில் சொன்னேனே, முக்கால் என்று. மாப்ளே, அதைக் கிழித்துப் போட்டுவிடு. அந்தக் கடுதாசியையே கிழித்துவிடு.

பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் உன் நம்பர் போட்ட பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. வழக்கமாக உன் முதுகில் காகித அம்பு விடுவேன். இப்போது நேரே கரும்பலகை தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகக் குரங்கணி போய்ப் புல்லுச்சரிவுக்கு ஏறினேன். புல் காய்ந்து வழுவழுவென்று கிடக்கிறது, நீ பார்த்தால் விடமாட்டாய். பாக்கு மட்டை ரெண்டு கொண்டுபோயிருந்தேன், பழக்கம். தையில் சைக்கிள், பங்குனியில் சறுக்கல், சாரலில் நடை என்று வருஷம் பூரா நமக்குச் சோலி வைத்திருந்த மலை அது. மட்டையில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கினால் போகும். தூக்க வரவில்லை. இறங்கி நடந்து வந்துவிட்டேன்.

வழியில் மலைச்சாமி அண்ணனைப் பார்த்தேன். எஸ்டேட்டில் அவரிடம் கழுதைகளைக் கொடுப்பதில்லை. ஏலக்காட்டில் களை பறிக்கப் போகிறார். பாதை பிரிகிற இடத்தில் மலையைப் பார்த்து நின்றுகொண்டு, இடது கையை நீட்டினார், பிறகு வலது கையை நீட்டினார். என்னண்ணே என்றேன். அன்னைக்கு எந்தப் பக்கம் போட்டேன்னு யோசிக்கிறேன் அப்பு, பழைய பாதையிலதான் போட்ட மாதிரி இருக்கு, ஆனா கண்ணால கண்டவங்க சொல்லும்போது நான் என்ன சொல்ல என்றார். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் இப்படித்தான் கையை நீட்டிப் பார்க்கிறாராம், அவர் வீட்டுக்காரி மாயக்காள் அக்கா சொல்லி அழுதது.

உன் காலில் விழ வேண்டும் போல இருக்கிறது. எதற்கு என்று கேட்காதே. ரெண்டு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

பால்பாண்டி


சிலமலை
11-7-1982

கன்னையனுக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. ஆறு மாசத்தில் ஒரு கடுதாசி, அதில் நாலு வரி. நாலிலும் மலைச்சாமி அண்ணன். அவரை மட்டும் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அவர் இருக்கிற ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதி, கால் என்கிற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அதற்கு மேல் வேறு எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்த அடித்த இடத்தையே மூணு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சரியாகத்தான் போட்டார். தழையை எடுத்து மாற்றிப் போட்டது நான்.

குறுக்குப்பாதையில் ஓடி, பாதை பிரிகிற இடத்துக்கு உனக்கு முன்னால் வந்துவிட்டேன். மேலே உன் சைக்கிள் மணி கேட்டது. பழைய பாதையில் தழை கிடந்தது. தழை போகாதே என்று மட்டும்தானே சொல்லும், ஏன் என்று சொல்லாது. சேறாக இருக்கும், முள் மண்டியிருக்கும் என்று நினைத்தேன். நமக்குப் பழகின பாதை, நீ யோசிக்காமல் திரும்புவாய், சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னை வைதுகொண்டே வருவாய் என்று கணக்குப் போட்டேன். சரிந்தது தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், ஆனால் பத்தடி போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

குரங்கணி டீக்கடையில் ரெண்டு டீ சொல்லிவிட்டு, சேறு பூசின உன் மூஞ்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கி எதிர்த்த மரம் மறைந்தது. உன் டீ ஆறி ஆடை கட்டியது. அப்புறம்தான் மேலே ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

சொல்லியிருக்கலாம். முதல் நாள் பயம். பிறகு அவர்மேல் பழி விழுந்தது. அது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டேன். ஊரில் எல்லாச் சேட்டைக்கும் பால்பாண்டி என்பார்கள். இதற்கு மட்டும் ஒருத்தரும் என்னைச் சொல்லவில்லை.

நேற்று மலைச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். அவர் அடிக்கவில்லை. அப்ப நான் சரியாத்தான் போட்டேனா என்றார். ஆமாண்ணே என்றேன். திரும்பவும் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, ஏ மாயக்கா, நான் சரியாத்தான்டி போட்டிருக்கேன் என்று கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் குரல் நல்ல செய்தி வந்தவன் குரல் மாதிரி இருந்தது. நான் அங்கே நிற்பதையே அவர் மறந்துவிட்டார். அடித்திருக்கலாம்.

இந்தக் கடுதாசியைப் பெட்டியில் போட்டுவிட்டு உங்க அய்யாவிடம் போகிறேன். மலைச்சாமி அண்ணன் கூட வருகிறேன் என்றார். வேண்டாம், தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ஆவணியில் உன்னைக் கூட்டி வருவார்கள் என்று அம்மா சொல்கிறாள். பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். ஆனாலும் பையை நான் தூக்குகிறேன், ஒரு மாசம் என்று கணக்கு வைக்காமல்.

நீ வருகிற அன்று போடி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நான் நிற்பது உனக்குப் பிடிக்காவிட்டால் அதற்காக ஒரு வரிகூட நீ எழுத வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் ஏதாவது மரம் இருக்கும். ஒரு தழையை ஒடித்து உறைக்குள் வைத்து அனுப்பு. வந்து சேரும்போது காய்ந்திருந்தாலும் எனக்குப் புரியும். இந்தத் தடவை மாற்றிப் போட மாட்டேன்.

பால்பாண்டி