வெள்ளிக்கிழமை வந்த உத்தரவு

மார்ச் 4, திங்கள்
முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி ஆபீஸ். டெல்லியில் உள்ள சலோரா நாட்டுத் தூதரகத்தில் இது எனக்கு இருபத்திரண்டாவது வருஷம். பாஸ்போர்ட், விசா, தபால் எல்லாம் நான்தான். அந்த நாட்டு அதிபர், எண்ணெய்க் கிணறுகளை வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து எடுத்து அரசுடைமை ஆக்கிவிட்டார். தூதர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். "ஜனங்கள் ஓட்டுப் போட்டதே இதற்காகத்தான்" என்றார். அதிபரின் மகள் நெலியா இங்கே எம்.ஏ. படிக்கிறாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மனு கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 9, சனி
கம்பெனிகள் கப்பல்களை நிறுத்திவிட்டன. அங்கே ரொட்டிக்கு வரிசையாம். விடாமல் போன். காது எரிகிறது.

மார்ச் 14, வியாழன்
ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். ராணுவம் அதிபரைச் செருப்புகூடப் போடவிடாமல் வீட்டிலிருந்து கூட்டிப்போயிருக்கிறது. எங்கே என்று தூதருக்கும் தெரியவில்லை.

மார்ச் 15, வெள்ளி
காலையில் மெயிலைத் திறந்தேன். புதிய ஆட்சியின் உத்தரவு: அதிபர் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் தரக்கூடாது, இருப்பதும் செல்லாது, டெல்லி அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

நெலியாவின் புதுப் பாஸ்போர்ட் என் மேஜை மேல். தூதர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவரிடம் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டால் பழி அவர் மேல். சொல்லாவிட்டால் என் மேல். மெயிலை மூடினேன். மற்ற தாள்களோடு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நெலியா வந்து வாங்கிக்கொண்டாள். "அப்பாவைப் பற்றி ஏதாவது?" இல்லை என்றேன். "ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளம்பிவிடு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 16, சனி
வீட்டுக்காரர் வில்பிரட்டிடம் சொல்லியிருக்கக்கூடாது. "ஏ புஷ்பம், ரிடையராக இன்னும் ரெண்டு வருஷந்தான கெடக்கு. அது நம்ம நாடா?"
"இல்ல."
"பொறவு என்னத்துக்கு?"
என்னத்துக்கு? எனக்கே தெரியல. அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 18, திங்கள்
நெலியா நேற்றே வேறு நாடு போய்ச் சேர்ந்துவிட்டாள். செய்தி வந்தது. பிறகுதான் உத்தரவைத் தூதரிடம் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

மார்ச் 27, புதன்
புதிய ஆட்சி அனுப்பிய அதிகாரி வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மெயிலை யார் திறந்தது, எப்போது என்று கேட்டார். தூதர் என்னை முந்திக்கொண்டு, "பொறுப்பு என்னுடையது" என்றார். நான் விடவில்லை. "நான்தான் திறந்தேன். அவருக்குத் தெரியாது." அதிகாரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

மார்ச் 28, வியாழன்
வேலை போயிற்று. பெரிய வியாழன் பூசைக்குப் போகத் தெம்பில்லை. படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்
மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஆபீஸ் வேலை கேட்டிருந்தேன். வயது அதிகமாம். அச்சா, சரி என்று வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்
பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. எண்ணெய்க் கிணறுகள் பழைய கம்பெனிகளுக்கே திரும்பிவிட்டன. அதிபர் வீட்டுக்காவலில்.

மாலையில் நெலியா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஏதோ ஊரில் நிரம்பிய மண்டபம். மேடையில் நின்று அப்பாவை விடுவிக்கச் சொல்லிப் பேசுகிறாள். குரல் நடுங்கவில்லை.

வில்பிரட் பின்னால் வந்து நின்றார். "இந்தப் பிள்ளையா?"
"ஆமா."
அவருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி" என்றார்.